துத்தநாகம் கலந்த உயிர்வினைக் கண்ணாடித்தூள்: எலும்புச் செல்களோடு வைத்துப் பார்த்தபின்

உயிர்வினைக் கண்ணாடி என்பது உடலில் எலும்போடு பிணையக்கூடிய கண்ணாடி; எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிய அத்தகைய இரண்டு கண்ணாடித்தூள்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, 1969இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹெஞ்ச் உருவாக்கிய 45எஸ்5 கலவை. எடையில் 45 விழுக்காடு சிலிக்காவும், தலா 24.5 விழுக்காடு சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும், 6 விழுக்காடு பாஸ்பரஸ் பென்டாக்சைடும் கொண்டது. மற்றொன்றில், கால்சியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் துத்தநாகம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

செல் வளர்ப்பு ஊடகத்தில் இட்ட சில மணி நேரத்திலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. 45எஸ்5 தூள் சோடியத்தை வேகமாக வெளிவிடுவதால் காரத்தன்மை ஏறி, சிவப்பாயிருந்த ஊடகம் ஊதா கலந்த இளஞ்சிவப்பானது. துத்தநாகம் கலந்த தூள் மெதுவாகக் கரைவதால், அது இருந்த கிண்ணத்தில் நிறம் அவ்வளவாக மாறவில்லை. எலும்பு கனிமமாவதில் பங்குள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதிக்குத் துத்தநாகம் இன்றியமையாதது; ஆயினும் அளவு மிஞ்சினால் அதே அயனி செல்லைக் கொன்றுவிடும். துத்தநாகம் கலந்த தூளைக் கூடுதலாக இட்ட கிண்ணத்தில் செல்கள் சுருங்கி உருண்டு, அடித்தளத்தை விட்டு மிதந்ததைப் பார்த்தபோது மனம் கனத்தது. கண்ணாடியை எலும்போடு பிணைக்கும் அப்படைட் (எலும்பில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) படலமும் துத்தநாகம் கலந்த தூளில் தாமதமாகவே படிகிறது.

பெரிய குறை ஒன்று உண்டு: விற்பனையாளர் டப்பாவில் துகள் அளவை அச்சிட்டிருந்தாரே தவிர, துத்தநாகம் எத்தனை விழுக்காடு என்று குறிப்பிடவில்லை. நன்மைக்கும் நச்சுக்கும் இடையிலான எல்லையே அந்த எண்தான். உடலுக்குள் பொருத்தும் உள்வைப்புகள் பற்றிய ஆய்வுக்கு வாங்குவோர், ஒவ்வொரு தொகுதிக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.