பூம்பாறையிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை ஐந்து ஜாஸ் ஆல்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் எந்த ஆல்பத்தையும் நான் அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்டதில்லை. எல்லாமே பிக்கப் வண்டியில், டீசல் என்ஜின் சத்தத்தோடு, ராத்திரி 1 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் கேட்டவை. பூம்பாறையில் கேரட் ஏற்றினால் கொடைக்கானல், பெருமாள்மலை, அங்கிருந்து பழனி ரோட்டில் இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட். பூண்டு என்றால் வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கி, காட்ரோட்டில் திரும்பி வடுகபட்டி. வாரத்தில் நாலு ராத்திரி இதுதான் பிழைப்பு. வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.

லோடு டிரைவருக்கு ஜாஸ் எங்கிருந்து ஒட்டியது என்று எல்லோரும் கேட்பார்கள். கொடைக்கானலில் ஒரு பியானோ வாத்தியாருக்கு ஆறு வருஷம் கார் ஓட்டினேன். அவர் காரில் கேசட் ஓடாத நாள் கிடையாது. ஆரம்பத்தில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். ஒருநாள் அவரே சொன்னார்: "தம்பி, மேல ஓடுறதை விடு. அடியில என்ன நடக்குதுன்னு கேளு." அடியில் நடப்பது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு நிற்கும், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும், அதை விரலால் சுண்டுவார்கள். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் தானாக வழிக்கு வந்தது. ஊரை விட்டுப் போகும்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்த ஊரில் தோல் செருப்பே பச்சையாகப் பூக்கும், கேசட் எம்மாத்திரம்.

இப்போது எல்லாம் போனில்தான். பழனி ரோட்டில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்வேன். ஒருமுறை மாதச் சந்தா முடிந்ததைக் கவனிக்காமல் கிளம்பிவிட்டேன். பெருமாள்மலை தாண்டிப் பார்த்தால், இறக்கி வைத்த பாட்டெல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. பக்கத்தில் இருந்த அக்கா மகனுக்கு ஒரே குஷி. பென்டிரைவை எடுத்துச் செருகி, பழனி வரைக்கும் பண்ணைப்புரத்துக்காரர் பாட்டாகவே போட்டுவிட்டான். குறை சொல்ல முடியாது, அந்த ராத்திரி நன்றாகத்தான் போயிற்று.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். எல்லாமே 2024, 2025-இல் வந்தவை.

சமாரா ஜாயின் 'போர்ட்ரெய்ட்' 2024 அக்டோபரில் வந்தது. நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதிப் பெண். ஆல்பம் வந்தபோது வயது 24. அதற்கு முந்தின வருஷமே கிராமியில் சிறந்த புதுமுகம் விருது வாங்கியவர். பழைய பாட்டுகளைச் சுகமாகப் பாடிக் கொடுத்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். ட்ரம்பெட், ட்ராம்போன், இரண்டு சாக்ஸபோன் என்று நாலு ஊதுகருவிகளை முன்னால் நிறுத்தி, அவற்றோடு தோளோடு தோளாகப் பாடுகிறார். பல இடத்தில் பாட்டில் சொல்லே கிடையாது, குரல்தான் ஐந்தாவது ஊதுகருவி. பாடகி நடுவில் நிற்க, வாத்தியக்காரர்கள் பின்னால் பவ்யமாகத் தட்டிக்கொண்டிருக்கும் ஆல்பம் இது இல்லை.

சார்லஸ் மிங்கஸ் என்று ஒரு பேஸ் மேதை இருந்தார், 1979-இல் காலமானார். அவருடைய 'ரீஇன்கார்னேஷன் ஆஃப் எ லவ்பேர்ட்' என்ற மெட்டுக்கு இந்தப் பெண்ணே வரி எழுதிப் பாடியிருக்கிறார். ஆரம்பத்தில் துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை, ஒற்றைக் குரல் மட்டும் மேலே போகிறது, கீழே இறங்குகிறது, யாரும் வந்து சேர்கிற வழியாகத் தெரியவில்லை. அக்கா மகன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"என்னடா தேடுற?"

"ஒயர் கழண்டுருச்சு போல மாமா. அந்த அம்மா மட்டும் கேக்குது."

சிரிப்பு வந்தது. ஆனால் அவன் காதில் விழுந்தது சரிதான். வாத்தியம் இல்லாதபோதுதான் அந்த அறையே கேட்கிறது. பதிவு செய்த இடம் நியூ ஜெர்ஸியில் இருக்கும் வான் கெல்டர் ஸ்டூடியோ, 1959-இல் ஆரம்பித்தது, உயரமான மரக்கூரை. சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1964-இல் 'எ லவ் சுப்ரீம்' பதிவு செய்ததும் அங்கேதான். மர உத்தரம் போட்ட பழைய சர்ச்சில், கூட்டம் வருவதற்கு முன்னால் ஒருவர் பாடிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சுற்றொலி.

எனக்கு ஒரு குறை உண்டு. நாலு ஊதுகருவியும் அவரும் ஒரே நேரத்தில் மேலே ஏறும் இடங்களில் ஒரே நெரிசல். முகூர்த்த நாள் டவுன் பஸ் மாதிரி, படியில் தொங்குகிறவர் யார், டிக்கெட் கொடுப்பவர் யார் என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு பாட்டிலும் உச்சிக்குப் போய்க் காட்டத் தேவையில்லை. இருந்தாலும் எட்டு பாட்டில் ஒன்றைக்கூட நான் தாண்டிப் போனதில்லை.

சாக்ஸபோன்காரர் பிரான்ஃபர்ட் மார்சாலிஸின் நாலு பேர் குழுவான பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் குவார்டெட்டின் 'பிலாங்கிங்', 2025 மார்ச். 1974-இல் கீத் ஜாரெட் என்ற பியானோக்காரர் மூன்று ஸ்காண்டிநேவியக்காரர்களோடு வாசித்த ஆல்பம் ஒன்று உண்டு. அதை அப்படியே, அதே பெயரில், முழுசாகத் திரும்ப வாசித்திருக்கிறார்கள். இது எதற்கு வேண்டாத வேலை என்று சிலர் கேட்கலாம். நம் ஊரில் ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடுகிறார்கள், யாராவது ஏன் என்று கேட்டதுண்டா? ஜஸ்டின் ஃபாக்னரின் டிரம்ஸ் என் என்ஜினை விட வலுவானது. ஜோயி கால்டராஸோவின் பியானோ சளைக்காமல் ஓடுகிறது. காலையில் காலி வண்டியோடு மேலே ஏறும்போது, சவரிக்காடு பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும் நேரத்துக்கு இதைவிட ஏற்றது கிடையாது. இதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தூக்கம் வந்தால் போடுங்கள்.

விஜய் அய்யரின் 'கம்பேஷன்', 2024 பிப்ரவரி. பெயரைப் பார்த்ததும் அக்கா மகன், "கச்சேரியா மாமா?" என்றான். கச்சேரி இல்லை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக்காரர், லிண்டா மே ஹான் ஓ பேஸ், டைஷான் சோரி டிரம்ஸ். மூன்று பேரும் மூன்று விதமாகக் கணக்குப் போட்டு, எங்கேயோ ஒரு புள்ளியில் கைகுலுக்குவார்கள். மிருதங்கம் கேட்ட காது இருந்தால் சமம், அதாவது தாளச் சுற்று ஆரம்பிக்கும் இடம், எங்கே விழுகிறது என்று தேடத் தோன்றும். தேடலாம், கிடைக்கும், ஆனால் வளைவில் ஸ்டியரிங் ஒடித்துக்கொண்டு தேடக் கூடாது.

மிருதங்கம் என்றதும் வாத்தியார் சொன்ன ஒரு விஷயம். டேவ் புரூபெக் என்ற அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் 1958-இல் தன் குழுவோடு இந்தியா வந்தபோது, மதராஸில் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். இடது கை மிருதங்கக்காரர், நம் மலை அடிவாரத்து ஊர்ப் பெயரைச் சுமந்தவர். ஐந்து தட்டுத் தாளத்தில் ஒரு மெட்டை உலகம் முழுக்க முணுமுணுக்க வைத்த 'டைம் அவுட்' ஆல்பத்தை புரூபெக் அதற்கு அடுத்த வருஷம் பதிவு செய்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் ஆள் இல்லை. ஆனால் பழனி ரோட்டில் இறங்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

'கம்பேஷன்' வண்டியில் எடுபடவில்லை என்பதுதான் என் முதல் தீர்ப்பு. ஸ்டீவி வொண்டரின் 'ஓவர்ஜாய்ட்' மட்டும் காதில் நின்றது. மற்றதெல்லாம் பியானோவின் மேல் பாதி மட்டும் தகரத்தில் மழை விழுவது போல. தமிழ்ப் பெயர் என்பதற்காக நான் மார்க் கூட்டிப் போடுகிறவன் இல்லை. இந்தத் தீர்ப்பைப் பிறகு மாற்றிக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு காட்டுமாடு.

பாடகி கானவ்யாவின் 'நிலம்' 2025 மே மாதம் வந்தது. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024-இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தில் முப்பது பேருக்கு மேல் வைத்துக்கொண்டு பெரிய கூட்டுப் பிரார்த்தனை மாதிரி செய்திருந்தார். அதே வருஷம் இம்மானுவேல் வில்கின்ஸ் என்ற சாக்ஸபோன்காரரின் 'ப்ளூஸ் ப்ளட்' ஆல்பத்திலும் இவர் குரல் உண்டு. 'நிலம்' அப்படியே எதிர்ப்பக்கம். பேஸ், யாழ் மாதிரி கம்பிகளை விரலால் மீட்டும் ஹார்ப், குரல், கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் இரண்டு டிரிப்பில் எனக்கு வெறும் குரல் மட்டும்தான் கேட்டது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவில் ஒரு குரல், மூச்சு விடுவதுகூடத் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே நிறமாக இருக்கிறதே என்று நினைத்தேன். "இது எந்தக் கோயில்ல மாமா?" என்று கேட்டுவிட்டு அவன் தூங்கிவிட்டான்.

மூன்றாவது டிரிப், நல்ல மூடுபனி. வடகவுஞ்சி பிரிவுக்கு முன்னால் ஒரு வளைவில் திரும்பினால் நடு ரோட்டில் காட்டுமாடு. ஒற்றைக் காளை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல நிற்கிறது, நகரும் உத்தேசம் இல்லை. ஹாரன் அடிக்கக் கூடாது, வெளிச்சத்தை முகத்தில் அடிக்கக் கூடாது. லைட்டைக் குறைத்தேன், சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லி அவனை இறக்க முடியாது என்பதால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, என்ஜினை நிறுத்தினேன். பாட்டை நிறுத்த மறந்துவிட்டேன்.

என்ஜின் அடங்கியதும் பாட்டுக்கு அடியில் தரை வந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியாத பேஸ், மெதுவாக, ஒரு சுண்டலுக்கும் அடுத்த சுண்டலுக்கும் நடுவில் அவ்வளவு இடம் விட்டு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேலே ஹார்ப், கம்பியை விரல் விடும் சத்தம்வரை கேட்கிறது. அந்தக் குரல் தனியாக இல்லை, இவ்வளவு நேரமும் துணையோடுதான் நடந்திருக்கிறது. காளை பத்து நிமிஷம் நின்றிருக்கும். ஒரு தடவை தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தது. அப்புறம் சரிவில் இறங்கிப் போய்விட்டது. நான் உடனே கிளம்பவில்லை, பாட்டு முடியட்டும் என்று இருந்தேன். ஆறு வருஷம் வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஒரே பாடத்தை என் வண்டியே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

இது ஜாஸா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஜாஸ் கேசட் எதிலும் இப்படி ஒன்று கிடையாது. ஆனால் அந்தப் பேஸ் செய்கிற வேலை ஜாஸ் பேஸ் செய்கிற வேலைதான். தமிழ் தெரிந்தவர்கள் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். வண்டியில் மட்டும் போடாதீர்கள்.

அன்றிலிருந்து ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் கடை வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில், என்ஜினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் இன்னொரு முறை கேட்டேன். 'கம்பேஷன்' எழுந்து உட்கார்ந்தது. லிண்டா மே ஹான் ஓ இல்லாமல் அந்தக் கணக்கு எதுவும் நிற்காது. நான் மழை என்று நினைத்தது அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் நடந்த வேலை. முன்னால் சொன்ன தீர்ப்பில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி, கொஞ்சம் இளகி வாசித்திருக்கலாம் என்பது, அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக சார்லஸ் லாய்டு. 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ', அவருடைய 86-ஆவது பிறந்த நாளான 2024 மார்ச் 15 அன்று வெளியானது. இரட்டை ஆல்பம், ஒன்றரை மணி நேரம். லோடோடு பெருமாள்மலையில் போட்டால் பழனி அடிவாரம் வரைக்கும் வரும். 86 வயதுக்காரரின் சாக்ஸபோனில் அவசரமே இல்லை. மலை ரோட்டில் முப்பது வருஷம் ஓட்டிய ஆள் பிரேக்கைத் தொடாமலே இறங்குவார் இல்லையா, அப்படி. நடுவில் புல்லாங்குழலும் எடுக்கிறார். சிறு வயதுத் தோழரான ட்ரம்பெட்காரர் புக்கர் லிட்டிலுக்காக ஒரு பாட்டு, பழைய ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் நினைவில் ஒன்று. நீளம் கொஞ்சம் அதிகம்தான், நாலைந்து பாட்டைக் குறைத்திருந்தால் குறைந்துபோயிருக்க மாட்டார். ஆனால் ஜேசன் மோரனின் பியானோ, லாரி கிரெனடியரின் பேஸ், பிரையன் பிளேடின் டிரம்ஸ் என்று பக்கத்தில் மூன்று பேர் இப்படி இருந்தால் யாருக்குத்தான் எழுந்து போக மனசு வரும்.

பிளேடு குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷால் வருடும் இடங்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. என்ஜினைக்கூட இறக்கத்தில் சமாளித்துவிடலாம், பின்னால் அடுக்கிய காலி டிரேக்கள் கடகடவென்று அதே சத்தத்தைப் போட்டுக் கெடுக்கின்றன. போன வாரம் நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்கினேன். இப்போது அக்கா மகன் டிரேக்களை இழுத்துக் கட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்து, "போடு மாமா" என்று சொன்ன பிறகுதான் லாய்டு ஆரம்பிக்கிறார்.