காவிரித் தீவைச் சுற்றி சைக்கிள் உலா: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஈரோட்டுப் பக்கம் ‘காவிரித் தீவைச் சுற்றி ஒரு நாள் சைக்கிள் உலா’ என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தென்னை சூழ்ந்த அகலமான தீவு, அதன் ஓரமாக வரிசையாகச் சைக்கிளில் போகும் இளைஞர்கள் என்று படமும் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு தீவு அங்கே இல்லை. கட்டணம் ஆளுக்கு 1,200 ரூபாய். அதற்கு மேல், மாலையில் திருப்பித் தருவதாகச் சொல்லி ஆளுக்கு 2,000 ரூபாய் முன்பணம். திருப்பூரிலிருந்து தோழிகள் ஐந்து பேர் போனோம். கட்டிய முன்பணம் 10,000. கைக்கு வந்தது 4,650. மீதியை அவர்கள் பிடுங்கிய விதம் ஒத்திகை பார்த்து வைத்தது போல் அத்தனை கச்சிதம். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தீவு. அந்தப் பக்கம் காவிரியின் நடுவில் இருப்பது காங்கயம்பாளையத்து நட்டாற்றீஸ்வரர் கோயில் நிற்கும் பாறைக் குன்று. அகத்தியர் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்ட இடம் என்கிறது தலபுராணம். ஆற்றின் நடுவே உட்கார்ந்து காற்று வாங்க அருமையான இடம். ஆனால் கோயிலை வலம் வந்தால் தீவையே வலம் வந்தாயிற்று. அங்கே எங்கிருந்து சைக்கிள் ஓட்டுவது? எங்களில் ஒருத்திக்கு மொடக்குறிச்சி சொந்த ஊர். பணம் கட்டும் முன்பே அவள் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டாள். “அது வேறு தீவு அக்கா. இது இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. தனியாக அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம்” என்று பதில் வந்தது. இவ்வளவு தெளிவாகப் பொய் சொல்கிறவனை என்ன செய்வது?

விடிவதற்கு முன்பே வரச் சொல்லியிருந்தார்கள். வெயிலுக்கு முன் கிளம்பினால் சுகம் என்று காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் மாலையில்தான் விளங்கியது. ஒரு கொட்டகைக்குள் மங்கலான ஒற்றை விளக்கு. சைக்கிள்களின் இருக்கைகளுக்கெல்லாம் புத்தம் புதிய பஞ்சு உறை. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். செல்போன் வெளிச்சத்தில் படிக்கப் போனால், “நேரமாகிறது அக்கா, சூரிய உதயம் போய்விடும்” என்று அவசரப்படுத்தினார்கள். சைக்கிளைப் படம் எடுக்க நானும் செல்போனைத் தூக்கினேன். “நாங்களே எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம்” என்று ஒரு பையன் குறுக்கே வந்து நின்றான். அந்தப் படங்கள் இன்றுவரை வரவில்லை.

போன பாதை காலிங்கராயன் வாய்க்கால் கரை. ஏமாற்றுக்காரர்கள் கூட்டிப் போனாலும் வாய்க்கால் என்ன பாவம் செய்தது? தை மாதக் கடைசி. தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வெட்டு முடிந்த வயல்களை அடுத்து வேக வைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பியிருந்தார்கள். அந்த மண் கலந்த நெடி மூக்கை விட்டுப் போக வெகுநேரம் ஆனது. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைத்து வளைத்து வெட்டிய வாய்க்கால் இது. 1283-இல் வேலை முடிந்ததாகச் சொல்வார்கள். எங்களுடன் வந்த வழிகாட்டியோ இதை வெள்ளைக்காரன் வெட்டினான் என்றார். மொடக்குறிச்சிக்காரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! வழிகாட்டி என்று சொல்கிறேனே தவிர, அவர் வந்தது மோட்டார் சைக்கிளில். அரை மணிக்கு ஒரு தடவை எங்காவது தேநீர்க் கடையில் தென்படுவார், அவ்வளவுதான்.

தீவு எங்கே என்று கேட்டபோது, வாய்க்காலுக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கும் நிலத்தைக் கையால் காட்டி, “இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிறதே, இதுதான் தீவு” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சந்தகையும் தேங்காய்ப்பாலும் அரிசி பருப்புச் சாதமும் என்று விளம்பரத்தில் இருந்த விருந்து, ஆறிப்போன தக்காளிச் சாதப் பொட்டலமாக வந்து சேர்ந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு சைக்கிளின் பின்சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் உரச ஆரம்பித்தது. வழிகாட்டியை அழைத்தால் எடுக்கவில்லை. பாசூர்ப் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பெரியவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் ஓரிடத்தில் இடப்பக்கம் வாங்கி, பிரேக் கட்டையைத் தட்டிவிட்டுப் போனது. அவர் அந்தக் கட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு மூலை மட்டும் சாய்வாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு தெரிந்தது. “இத்தனை தேய வேண்டுமானால் மாதக்கணக்கில் உரசியிருக்க வேண்டும் அம்மிணி. இந்தக் கோட்டம் இன்றைக்கு விழுந்ததல்ல” என்றார். ஸ்போக்ஸ் முனைகள் துருப்பிடித்துத் திருகவே வரவில்லை. இன்னொரு சைக்கிளில் கியர் மாட்டும் கொக்கி வளைந்திருந்தது. அந்த வளைவின் மேலேயே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டோம். பெரியவர் முடிந்த மட்டும் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் நீட்டிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு மணிக்குச் சைக்கிள்களைத் திருப்பி விட்டோம். காலையில் ஒற்றை விளக்கு எரிந்த கொட்டகையின் கதவுகள் இப்போது அகலத் திறந்திருந்தன. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஒருவர் சக்கரத்தைச் சுற்றுகிறார், இன்னொருவர் படம் எடுக்கிறார், மூன்றாமவர் கணக்கு எழுதுகிறார். இருக்கையின் பஞ்சு உறையை ஒரே இழுப்பில் உருவி, அடியில் இருந்த கிழிசலைக் காட்டினார்கள். அந்தக் கிழிசலைச் சுற்றி முன்பு ஒட்டியிருந்த டேப்பின் பசை, அழுக்கு ஏறிச் சட்டம் போட்டது போல் நின்றது. இன்றைக்குக் கிழிந்திருந்தால் அந்தப் பசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே மேடம்” என்றார்கள். எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

ரிம்முக்கு 1,800, கியருக்கு 1,400, இருக்கைக்கு 650, ஐந்து சைக்கிளைக் கழுவ ஆயிரம், தாமதத்துக்கு 500. தாமதமா? விளம்பரத்தில் மாலை ஐந்து மணி என்று இருந்தது, தாளில் மூன்று மணி என்று இருந்தது. ரசீது கேட்டால் தரவில்லை. பெரியவரின் கடையில் எடுத்த படங்களைக் காட்டியதும், வழியில் சைக்கிளைப் பிரித்ததற்குத் தனி அபராதம் உண்டு என்று குரலை உயர்த்தினார்கள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள், சண்டை போட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள் என்ற தைரியம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆதாரம் கிடைத்தது, அதுவும் அவர்கள் கையாலேயே. அவர்களுடைய பழைய விளம்பரப் படங்களைத் தோண்டினால், எங்களுக்குக் கொடுத்த அதே மஞ்சள் சைக்கிள், அதே எண் வில்லையோடு, உறை இல்லாமல், கிழிந்த இருக்கையோடு நிற்கிறது. படம் போட்ட தேதி நாங்கள் போவதற்கு வெகு முன்னால். அதை அவர்களுக்கே அனுப்பினேன். பதிலுக்கு என் எண்ணைத் தடுத்துவிட்டு, அந்தப் படத்தையும் நீக்கிவிட்டார்கள். நான் முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். சமரசத்துக்கு அவர்கள் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏமாற்றப்பட்டவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; எங்களுக்குத் திருப்பூரே போதும், ஈரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம்.

எங்கே வாடகை சைக்கிள் எடுத்தாலும், கொடுப்பவர் தடுத்தாலும் விடாமல், இருக்கை உறையைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். அதை வீடியோவாக எடுத்து அங்கேயே நின்று அவர்கள் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். இருட்டில் சைக்கிள் தருகிறவரிடம், விடிந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். காலிங்கராயன் கரையில் ஓட்ட யாருடைய ஏற்பாடும் தேவையில்லை. சொந்த சைக்கிளும் பஞ்சர் சாமானும் இருந்தால் போதும். சில இடங்களில் கருவேல முள் கிடக்கும், பார்த்துப் போங்கள்.

ஒரே வகையில் ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதே ‘தீவு’க்குப் போய் முன்பணத்தை இழந்தவர்கள், கையெழுத்துப் போட்ட தாளின் நகலும் பணம் அனுப்பிய விவரமும் வைத்திருந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள். பங்குனிக்குள் மனுவைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறோம்.