பிஸ்கட்டா, உலர்கறியா, வேகவைத்த கோழியா? நாய்க்கு வீட்டிலேயே செய்யும் தின்பண்டங்கள்: ஓர் ஒப்பீடு

ஐந்தாம் நாள் காலையில் டப்பாவைத் திறந்தபோது பிஸ்கட்டுகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினால், அடிப்பக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. பூசணி விழுதும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, ஓவனில் 25 நிமிடம் சுட்டு, ஆறவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் முறையாகத்தான் அடைத்திருந்தேன். அந்தக் காற்றுப் புகாத டப்பாவே வினையாகிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. பிஸ்கட்டின் நடுவில் மிஞ்சியிருந்த ஈரம் வெளியேற வழியின்றி அதன் மேற்பரப்பிலேயே தங்கிப் பூஞ்சையை வளர்த்துவிட்டது. அன்றிலிருந்து, நாய்க்கென வீட்டில் செய்யும் எந்தத் தின்பண்டத்தையும், அதில் என்னென்ன சேர்கின்றன என்று பார்ப்பதற்கு முன், கடைசியில் அதில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. எத்தனை நாள் கெடாமலிருக்கும், ஒரு துண்டில் எத்தனை கலோரி, நாய் அதற்கு எவ்வளவு மயங்கும், ஆபத்து எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பெரும்பாலும் அந்த ஈரமே பதில் சொல்லிவிடுகிறது.

சுட்ட பிஸ்கட், உலர்த்திய கோழிக்கறி, வேகவைத்து நறுக்கிய கோழித்துண்டு, உறையவைத்த தயிர்க்கட்டி என்ற நான்கையும் இங்கே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன். அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதற்காக 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட, வளர்ந்த நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோ கணக்கிலான உடல் எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் நாயின் ஓய்வுநிலைக் கலோரித் தேவை கிடைக்கும் என்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கிலுள்ள சூத்திரம். 10 கிலோவுக்கு அது சுமார் 394. நம் நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்கினால் நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி வருகிறது. முழுச் சத்துணவுக்கு வெளியே தரும் தின்பண்டங்கள் இதில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஆக, கையில் இருப்பது 63 கலோரி. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் சில பண்டங்கள் உடனே தலைகீழாகத் தெரியத் தொடங்கும்.

பிஸ்கட்டில் தொடங்குவோம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு முட்டை, அரைக் கப் வேகவைத்த பூசணி விழுது, இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டர் ஆகியவற்றைக் கெட்டியாகப் பிசைந்து, அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனத்தில் தேய்த்து, வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் சுட்டால் வேலை முடிந்தது. உப்பு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எதுவும் வேண்டியதில்லை. பிஸ்கட் உப்பி வரவில்லையே என்று எந்த நாயும் குறைப்பட்டதில்லை. கலோரியைக் கூட்டிப் பார்த்தால் மாவு மட்டும் 800ஐத் தாண்டுகிறது. மொத்தம் சுமார் 1,120. நாற்பது பிஸ்கட்டுகளாக வெட்டினால் ஒன்றுக்கு 28 கலோரி. அதாவது நம் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டே பிஸ்கட்டுகள். மூன்றாவதைக் கொடுத்தால் வரம்பு உடைகிறது. விருந்தினர் வந்தால் ஒன்று, குளித்து முடித்தால் ஒன்று என்று கொடுப்பவர்களுக்கு இது போதும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது போதவே போதாது.

தானியம் நாய்க்கு ஆகாது என்று சொல்லிப் பிஸ்கட்டை ஒதுக்குபவர்கள் உண்டு. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. நாய், ஓநாய் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்களிடம் இரண்டு பிரதிகளாகவும், நாய்களிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரையிலும் இருப்பது தெரியவந்தது. மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாயின் வயிறு மாவுக்குப் பழகிவிட்டது. பிஸ்கட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. நாய்க்கு மணம்தான் முதல் ஈர்ப்பு. காய்ந்த மாவில் மணம் குறைவு. வீட்டுக்குள் வேறு வேலையில்லாதபோது ஆசையாகத் தின்னும் நாயே, தெருவில் இன்னொரு நாயைக் கண்டவுடன் அதே பிஸ்கட்டைக் கீழே துப்பிவிடுவதைக் காணலாம்.

அதன் பலம் கெடாமலிருப்பது. நாய் பிஸ்கட்டை வணிகப் பொருளாக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனில் இருந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர்; கப்பல் மாலுமிகள் எறிந்த கெட்டி ரொட்டியைத் துறைமுக நாய்கள் ஓடிவந்து தின்றதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மாதக்கணக்கில் கெடாத கெட்டி ரொட்டிதான் இதன் மூதாதை. ஆகவே கெட்டுப்போகிற பிஸ்கட் தன் ஒரே நற்குணத்தையும் இழந்த பிஸ்கட். உணவில் நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய நிலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பார்கள். அது 0.85க்குக் கீழே இறங்கினால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. பூஞ்சைகளில் பலவோ அதற்கும் கீழே, 0.7ஐ ஒட்டிய நிலையிலும் வளரும். என் டப்பாவில் நடந்தது அதுவே. இப்போது சுட்டு முடித்ததும் ஓவனை 95 டிகிரிக்குக் குறைத்து மேலும் ஒரு மணி நேரம் உலர்த்தி, பிறகு அடுப்பை அணைத்து இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவிடுகிறேன். காலையில் ஒன்றை எடுத்து உடைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், உடைந்த முகத்தின் நடுப்பகுதி ஓரத்தைவிடக் கருத்தோ பிசுக்கென்றோ இருக்கக் கூடாது. வளைந்து ஒடிந்தால் அது டப்பாவுக்குரியதல்ல, ஃப்ரிட்ஜுக்குரியது. அங்கும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

பீநட் பட்டரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் பிஸ்கட்டைக் கடந்துவிட முடியாது. சில தயாரிப்புகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள்; லேபிளில் அது ‘பிர்ச் சுகர்’ என்ற பெயரிலும் வரும். மனிதருக்குத் தொல்லை தராத இந்தப் பொருள் நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கெடுக்கச் செய்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளிவிடக்கூடும். அளவு கூடினால் கல்லீரலும் செயலிழக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே சர்க்கரை சரியத் தொடங்கலாம் என்பதால், நம் நாய்க்கு ஒரு கிராமே அதிகம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை ஆகியவையும் எந்த வடிவிலும் மாவில் சேரக் கூடாது. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த பச்சை மாவை நாய் எட்டும் இடத்தில் வைப்பதும் தவறு; அது வயிற்றுக்குள் போயும் உப்பும், சாராயமும் சுரக்கும்.

உலர்த்திய கோழிக்கறிக்கு வருவோம். நாயின் வாக்கெடுப்பில் பிஸ்கட்டுக்கும் இதற்கும் போட்டியே இல்லை. இதை வீட்டில் செய்ய விரும்புவதற்குத் தக்க காரணமும் இருக்கிறது: கடைகளில் விற்ற உலர்கறிப் பண்டங்களைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு உள்ளிட்ட நோய்கள் கண்டதாக 2007 முதல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கான புகார்கள் வந்தன, 2014க்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் இறப்பு அந்தப் புகார்களில் பதிவாகியிருந்தது, திட்டவட்டமான ஒற்றைக் காரணம் கண்டறியப்படவில்லை. ஆனால் வீட்டில் செய்வதாலேயே இது பாதுகாப்பாகிவிடுகிறது என்று எண்ணுவது பெரும்பிழை. நான்கு பண்டங்களில் செய்முறைத் தவறுக்குக் கொஞ்சமும் இடம் கொடுக்காதது இதுதான்.

பச்சைக் கறியை மெல்லிய கீற்றுகளாக்கி நேரே 60 அல்லது 70 டிகிரியில் உலர்த்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது கறியைக் குளிரவைத்துக்கொண்டே இருப்பதால், ஓவன் காட்டும் சூடு கறிக்குள் நெடுநேரம் ஏறுவதில்லை. அதற்குள் மெல்ல உலர்ந்துவிட்ட பாக்டீரியாக்கள், ஈரமான நிலையில் இருந்ததைவிடச் சூட்டைத் தாங்கும் வலுவைப் பெற்றுவிடுகின்றன. பிறகு ஏறும் சூட்டில் அவை எல்லாம் சாவதில்லை. காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும் கீற்றிலும் சால்மொனெல்லா உயிரோடு காத்திருக்கலாம். அது நாயை மட்டுமல்ல, கொடுக்கும் கையையும் பாதிக்கும். ஆகவே, அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்தும் வரிசையே சரி: கோழிக்கறி ஈரமாக இருக்கும்போதே உட்புறம் 74 டிகிரியை எட்டும்வரை வேகவைப்பது அல்லது சுடுவது, அதன் பிறகே உலர்த்துவது. ஊசி வெப்பமானி இல்லாத சமையலறையில் இந்தப் பண்டத்தைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

நெஞ்சுக்கறியை அரைகுறையாக உறையவைத்து நறுக்கினால் கீற்றுகள் ஒரே கனத்தில் வரும். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் இழுத்து மெல்லும்படியும், நாருக்குக் குறுக்கே வெட்டினால் எளிதில் நொறுங்கும்படியும் அமையும். மெல்லாமல் விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு இரண்டாவதே ஏற்றது. தோலும் கொழுப்பும் துளியும் இருக்கக் கூடாது. கொழுப்பு உலராது, காறிப்போகும்.

இப்போது கணக்கு. பச்சை நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கறி சுமார் 300 கிராமாகச் சுருங்குகிறது. கலோரி மட்டும் சுருங்குவதில்லை. 100 கிராமுக்கு 120ஆக இருந்தது 400ஆகிறது. கைவிரல் நீளமுள்ள 5 கிராம் கீற்று ஒன்றில் 20 கலோரி. ஆக, நாளைக்கு மூன்று கீற்றுகள். ‘வெறும் கறிதானே, மாவு இல்லையே’ என்று கைநிறையக் கொடுப்பவர்கள் நாய் பெருப்பதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கை வட்டமாக நறுக்கி உலர்த்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: கிழங்கின் முக்கால் பங்குக்கும் மேலான நீர் போய்விட்ட பிறகு, எடைக்கு எடை, அது மாவுப் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஈரலை உலர்த்தினால் மணம் கோழியையும் மிஞ்சும். அதிலுள்ள வைட்டமின் ஏயும் அதே விகிதத்தில் செறிவாகும் என்பதால், அது அன்றாடப் பண்டமாகாது.

வேகவைத்த கோழித்துண்டு இந்தப் போட்டியில் கலந்துகொள்ளும் தோற்றமே இல்லாதது. செய்முறை என்று சொல்ல ஒன்றுமில்லை: தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக்கறியை உப்பில்லாத வெறும் தண்ணீரில் 74 டிகிரிவரை வேகவைத்து, ஆறியதும் பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். நறுக்கியவற்றைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் கொட்டி ஃப்ரீசரில் வைத்தால், உதிரி உதிரியாக வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். பட்டாணி அளவுத் துண்டு ஏறத்தாழ ஒரு கிராம். அதில் ஒன்றரைக் கலோரிக்குச் சற்றே மேல். நம்முடைய 63 கலோரிக்கு முப்பத்தெட்டுத் துண்டுகள் கிடைக்கின்றன. பிஸ்கட்டில் இரண்டு, உலர்கறியில் மூன்று, இதில் முப்பத்தெட்டு! உட்கார், நில், வா என்று பழக்கும்போது நாய் கணக்கிடுவது எத்தனை முறை கிடைத்தது என்பதைத்தான், எவ்வளவு பெரிதாகக் கிடைத்தது என்பதை அவ்வளவாக அல்ல. துண்டு ஈரமாக இருப்பதால் மெல்ல நேரமாகாது, பொடி உதிராது, நாய் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்காது.

குறை வெளிப்படையானது. ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள். வெளியே இரண்டு மணி நேரம். வெயில் நாளில் அதுவும் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட்டால் அந்தச் சட்டையின் கதி என்னவாகும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

உறையவைத்த தயிர்க்கட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இனிப்பூட்டாத தயிரும் மசித்த வாழைப்பழமும் சம அளவில் கலந்து, 15 மில்லி அச்சுகளில் ஊற்றி உறையவைத்தால், ஒரு கட்டிக்கு 11 கலோரி அளவில் வரும். வெப்ப நாளில் நாய்க்கு அது சொர்க்கம். ஆனால் கையில் எடுத்துச் செல்ல முடியாது, பயிற்சிக்கு உதவாது, பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வயிற்றைக் கலக்கும். முழுக்கட்டியை அப்படியே விழுங்க முயலும் நாய்க்கு, கலவையைத் தட்டையான தட்டில் தடவி உறையவைத்து நக்கவிடுவதே மேல்.

என் வீட்டில் இப்போது கோழித்துண்டுதான் முதலிடம். கெடாமல் பையில் கிடக்கவேண்டிய வெளியூர்ப் பயணங்களுக்கு மட்டும், நன்றாக உலர்த்திய பிஸ்கட்டை விரல்நகம் அளவுக்கு வெட்டிச் சுடுகிறேன். அப்படி வெட்டினால் ஒன்றில் மூன்று கலோரிக்கு மேல் போவதில்லை. உலர்கறியைக் கைவிட்டுவிட்டேன். அது கேட்கும் நேரமும் கவனமும் மூன்று கீற்றுகளுக்கு அதிகம் என்று தோன்றுகிறது. எடை குறைக்க வேண்டிய நாயுள்ளவர்கள் நான்கையும் விட்டுவிட்டுப் பச்சைக் கேரட்டை முயன்று பார்க்கலாம்; 5 கிராம் துண்டுக்கு இரண்டே கலோரி, ஏனெனில் அதில் பெரும்பகுதி தண்ணீர்.

ஓயாமல் சொறியும், காதில் அடிக்கடி புண் வரும் நாய் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பயன்படாது. உணவு ஒவ்வாமையுள்ள 297 நாய்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வில் முதல் நான்கு இடங்களில் நின்றவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை. மேலே சொன்ன நான்கு பண்டங்களிலும் இவற்றில் ஒன்று தவறாமல் இருக்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிய, வழக்கமான உணவுகளை நிறுத்திவிட்டுக் குறிப்பிட்ட ஓர் உணவை மட்டும் தந்து பார்க்கும் விலக்குணவுச் சோதனையில் மருத்துவர் நாயை வைத்திருக்கும் வாரங்களில் ஒரு துண்டுப் பிஸ்கட்கூடச் சோதனையைக் கெடுத்துவிடும். அப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவர் எழுதிக்கொடுத்த உணவு டின்னிலும் கிடைக்குமானால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதையே வில்லைகளாக நறுக்கி, ஓவனில் ஓரம் மொறுமொறுப்பாகும்வரை சுட்டுச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்ளலாம். நடுவில் ஈரம் இருக்கும். ஆகவே அதுவும் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.