திரும்ப வாசிப்பதா, கொப்பியை மூடிச் சொல்லிப் பார்ப்பதா?

உப்புவெளியில் அக்காவின் மகள் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கிறாள். கொப்பியில் மஞ்சள் கோடு விழாத வரியே இல்லை. ஒரே பக்கத்தை நாலு தரம் வாசித்துவிட்டு, "எல்லாம் பாடம் மாமா" என்பாள். கொப்பியை வாங்கி மூடிவிட்டு இதயத்தின் நான்கு அறைகளைக் கேட்டால் மூன்றோடு நிற்பாள்.

திரும்ப வாசிப்பது சுகமான வேலை. பழகிய வரிகள் தடையின்றி ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் மூளை 'தெரியும்' என்று பிழையாக எடுத்துக்கொள்கிறது. சந்தையில் கண்டவரின் முகம் தெரியும், பெயர் வாயில் வராது, அதே கதைதான்.

மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது எரிச்சல் தரும். உடனடிப் பலனும் குறைவு. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை அமெரிக்க மாணவர்களிடம் சோதித்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னுக்கு: அவர்கள் 81 வீதம், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரத்தின் பின் எல்லாம் தலைகீழ். வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56.

இன்னும் ஐந்து நிமிடத்தில் பரீட்சை என்றால் வாசிப்புப் போதும். மாதக் கணக்கில் நிற்க வேண்டுமானால் என் வாக்கு இரண்டாவதற்கே. ஒன்று மட்டும்: சொன்னதை உடனே கொப்பியில் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் பிழையும் சேர்ந்து பதிந்துவிடும்.

நேற்றுப் பின்னேரம் டச் பே கடற்கரையில் கச்சான் தின்றபடி அதே நான்கு அறைகளைக் கேட்டேன். வலது சோணையறையில் சிக்கிக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை. கச்சான் சுருள் முடியும்போது தானாக வந்தது.