250 நிமிடக் கார்டில் 32 நிமிடம்

அமெரிக்காவில் இந்திய மளிகைக் கடைகளின் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் ஐந்து டாலர் போன் கார்டு (அதிலுள்ள எண்களை அடித்து, முன்பே கட்டிய காசுக்கு வெளிநாட்டுக்குப் பேசும் அட்டை), ஊருக்கு ஒரே மூச்சில் நீண்ட நேரம் பேசுகிறவருக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அடிக்கடி கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுகிறவர் தொடவே வேண்டாம்.

நிமிடத்துக்கு 2 சென்ட் என்றால் 5 டாலருக்கு 250 நிமிடம். போஸ்டரில் கொட்டை எழுத்தில் இருப்பது இந்தக் கணக்குதான். போனை வைத்ததும் பிடிக்கும் கட்டணம், மூன்று மூன்று நிமிடமாகக் கூட்டிப் போடும் கணக்கு, வாராவாரம் 'பராமரிப்பு' என்று கழியும் தொகை எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். உதாரணத்துக்கு, வைக்கும்போது 48 சென்ட் என்று வையுங்கள். நான்கு நிமிடம் பேசினால் ஆறு நிமிடக் காசு 12 சென்ட். ஆக 60 சென்ட். எட்டு தடவை கூப்பிட்டால் 4.80 டாலர் காலி, பேசியது 32 நிமிடம். மிச்சம் 20 சென்ட்டை வாரக் கழிவு தின்றுவிடும்.

கார்டிலுள்ள ரகசிய எண்ணை அடித்ததும் 'இத்தனை நிமிடம் இருக்கிறது' என்று சொல்லும் குரலையும் நம்ப வேண்டாம். அது அத்தனையையும் அந்த ஒரே அழைப்பில் பேசித் தீர்த்தால் கிடைக்கும் கணக்கு.

சில டாலருக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நிமிடங்கள் என்று குடியேறிகளிடம் இப்படி விளம்பரம் செய்ததற்காக, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015 அக்டோபரில் ஆறு நிறுவனங்களுக்குத் தலா 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. தமிழர்களுக்குப் பழக்கமான பெயர் கொண்ட லைக்கா டெல்லும் அவற்றில் ஒன்று. வங்கிக் கணக்கில்லாமல் புதிதாக வந்து இறங்கியவருக்கு ரொக்கத்தில் கைகொடுத்த பொருள் இது. அவரிடமே இப்படிப் பறித்தது பெரிய அநியாயம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடைக்காரரிடம் எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். போனை வைத்தால் எவ்வளவு பிடிக்கும் என்று கேளுங்கள். 800 என்று தொடங்கும் இலவச எண் வழியாகப் போனால் பெரும்பாலும் கட்டணம் கூடும். கார்டில் உங்கள் பகுதிக்கான உள்ளூர் எண் இருந்தால் அதையே அடியுங்கள். பிறகு வெளிநாட்டு அழைப்புக்கான 011, அதன்பின் இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94. அடுத்து வரும் எண்ணின் முன்னால் பூஜ்யம் இருந்தால் விட்டுவிட வேண்டும். இலங்கைக்கு நிமிடக் கட்டணம் இந்தியாவைவிடப் பல மடங்கு என்பதால், இந்தியக் கட்டணம் போட்ட போஸ்டரைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

முதலில் இருப்பதிலேயே மலிவான கார்டு ஒன்றை வாங்கி, இரண்டு நிமிட அழைப்பு இரண்டு செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2 சென்ட் என்ற கார்டானால், ஒரு அழைப்புக்கு 4 சென்ட்டுக்கு மேல் எவ்வளவு குறைகிறதோ, அதுதான் அந்தக் கார்டின் உண்மை விலை.