பை சண்டை: பேஸ்டி, போர்க் பை, ஆஸி மீட் பை, பஸ்தீயா... என் ஓட்டு யாருக்கு?

அம்மாகிட்ட போன்ல "மதியம் பை சாப்பிட்டேன்மா"ன்னு சொன்னா "எந்தப் பையடா, துணிப்பையா"ன்னு கேப்பாங்க. நான் இங்கிலாந்துல இருக்கிற லெஸ்டருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் அதே ஜோக்தான். ஆனா யோசிச்சுப் பாத்தா அவங்க சொல்றது ஒண்ணும் தப்பில்ல. நான் சொல்ற பை, மாவு ஓட்டுக்குள்ள கறியோ காயோ வெச்சு சுடுற ஐட்டம், அது ஆரம்பத்துல நிஜமாவே மாவுல செஞ்ச ஒரு பாத்திரம்தான். இங்கிலாந்தோட பழைய சமையல் குறிப்புங்கள்ல அந்த வெளி ஓட்டுக்கு பேரு என்ன தெரியுமா, காஃபின். அப்போ அதுக்கு சும்மா பெட்டின்னுதான் அர்த்தம், சவப்பெட்டிங்கற அர்த்தம் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு.

அதனால நான் பையை உள்ள இருக்கிற கறியை வெச்சு மட்டும் மார்க் போடுறதில்ல. மாவு அங்க என்ன வேலை பாக்குது, தட்டா, டிபன் பாக்ஸா, மூடியா, இல்ல சும்மா அழகுக்கா? இதான் என் கணக்கு. ஷெப்பர்ட்ஸ் பை இந்தக் கணக்குல ஆட்டத்துலயே இல்ல, அதுல மாவே கிடையாது, மேல மசிச்ச உருளைக்கிழங்கு, அவ்ளோதான். ஆப்பிள் பை ஆளுங்களும் மன்னிக்கணும், இது காரசாரமான ஏரியா, சரி காரம் இல்ல, உப்பு ஏரியான்னு வெச்சுக்கலாம்.

முதல்ல கார்னிஷ் பேஸ்டி, இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கிற கார்ன்வால் பக்கத்து ஐட்டம். பாக்க நம்ம தீபாவளி சோமாஸ் மாதிரியே இருக்கும், ஆனா ஒரு சோமாஸ் உங்க முழங்கை பாதி நீளத்துக்கு இருந்தா எப்படி இருக்கும், அப்படி. பக்கவாட்டுல ஓரத்தை மடிச்சு மடிச்சு கயிறு மாதிரி முறுக்கியிருப்பாங்க. உள்ள மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீட், அவ்ளோதான். ஸ்வீட்னா இனிப்பு இல்லங்க, உள்ள மஞ்சளா இருக்கிற ஒரு கிழங்கு, கார்ன்வால்காரங்க அதை டர்னிப்னுதான் சொல்லுவாங்க, கேரட் போட்டீங்கன்னா சண்டைக்கே வந்துடுவாங்க. 2011ல இதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது, நம்ம திண்டுக்கல் பூட்டு மாதிரி. கார்ன்வால்ல செஞ்சாத்தான் அந்தப் பேரு, கறி குறைஞ்சது 12.5 சதவீதம், காய் குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும். இதுல எனக்குப் புடிச்ச விஷயம் என்னன்னா உள்ள போறது எல்லாமே பச்சையாதான் போகும். கறியும் கிழங்கும் அந்த மூடின மாவுக்குள்ள தன்னோட தண்ணியிலயே வேகும், கிட்டத்தட்ட தம் பிரியாணி லாஜிக். மசாலான்னு பாத்தா உப்பும் மிளகும் மட்டும்தான், ஆனா மிளகு தாராளமா இருக்கும்.

இது தகரச் சுரங்கத்துல வேலை பாத்தவங்களோட சாப்பாடு. சுரங்கத்துல ஆர்சனிக் இருக்கும், கைல விஷம் ஒட்டியிருக்கும், அதனால முறுக்கின ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு மீதியைத் தின்னுட்டு ஓரத்தைத் தூக்கிப் போட்டுருவாங்கன்னு ஒரு கதை எல்லா கடை போர்டுலயும் இருக்கும். ஆனா பழைய போட்டோவுல பாத்தா தொழிலாளிங்க பேஸ்டியை துணிலயோ பேப்பர்லயோ சுத்திப் புடிச்சு ஒரு முனையில இருந்து கடிச்சுக்கிட்டு இருக்காங்க, அதனால அந்தக் கதையை நான் முழுசா நம்பல. கார்ன்வால்ல சுரங்கம் படுத்துப் போனப்போ அந்த ஆளுங்க உலகம் முழுக்க கிளம்பிப் போனாங்க, நம்ம கோலார் தங்கவயல், அதான் கேஜிஎஃப், உட்பட. எங்க ஊர் குடியாத்தம், எங்க தாத்தாவோட தம்பி கோலார்ல சுரங்க வேலைக்குப் போனவர், அவர் காலத்துல மேல நின்னு அதிகாரம் பண்ணின துரைங்கள்ல எத்தனை பேர் கார்ன்வால்காரங்களோ. இன்னொரு கூட்டம் 1820கள்ல மெக்சிகோவுல ரியல் டெல் மோன்டேங்கற ஊருக்கு வெள்ளிச் சுரங்கத்துக்குப் போச்சு, அங்க பேஸ்டி 'பஸ்தே'ன்னு ஆகி, உள்ள பச்சமிளகா, மோலே குழம்புன்னு போட்டு இன்னிக்கும் வித்துக்கிட்டு இருக்காங்க. நான் அதை சாப்பிட்டதில்ல, ஆனா காரம் சேர்த்துட்டாங்கன்னு படிச்ச உடனே மெக்சிகோக்காரங்க மேல தனி மரியாதை வந்துச்சு.

ஒரே எச்சரிக்கை, கார்ன்வால்ல செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையில நின்னு பேஸ்டி திங்காதீங்க. நான் ரெண்டாவது கடிக்கு வாயைத் திறக்கிறேன், பின்னாடி இருந்து ஒரு கடல்காக்கா வந்து பாதியை அப்படியே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கைல மிச்சம் இருந்தது ஓரம் மட்டும்.

அடுத்தது மெல்டன் மோப்ரே போர்க் பை. இது லெஸ்டர்ல இருந்து ட்ரெயின் ஏறினா சீக்கிரமே வந்துடுற ஊரு, அதனால எனக்கு கொஞ்சம் பாசம் ஜாஸ்தி, இதை முன்னாடியே சொல்லிடறேன். பேஸ்டிக்கு நேர் எதிர் இது. ஆறிப்போய், சில்லுன்னுதான் திங்கணும். எனக்கு இது தெரியாம முதல் தடவை வாங்கிட்டு வந்து மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் வெச்சேன், உள்ள இருந்த ஜெல்லி உருகி அடியில வழிஞ்சு, ஓடு ஊறின ரஸ்க் மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் ஆபீஸ்ல சொன்னேன், பக்கத்து சீட் பெரியவர் ஒரு நிமிஷம் பேசவே இல்ல, ஏதோ கோயில்ல செருப்போட நுழைஞ்ச மாதிரி பாத்தாரு.

அந்த ஜெல்லிதான் மேட்டரே. கொதிக்கிற தண்ணியில பன்றிக் கொழுப்பை உருக்கி, அதை மாவுல ஊத்திப் பிசைஞ்சு, மர அச்சு மேல கையாலயே ஓடு எழுப்புவாங்க. சுடும்போது தாங்கிப் புடிக்க டின் கிடையாது, அதனால பக்கமெல்லாம் லேசா தொப்பை விழுந்திருக்கும், அந்தத் தொப்பைதான் ஒரிஜினலுக்கு அடையாளம். உள்ள கறி ரோஸ் கலர்ல இருக்காது, சாம்பல் கலர்ல இருக்கும், ஏன்னா உப்புல பதப்படுத்தாத கறி. சுட்டதும் கறி சுருங்கி இடைவெளி விடும், மேல இருக்கிற ஓட்டை வழியா எலும்புச் சாறை ஊத்துவாங்க, அது ஜெல்லியா உறைஞ்சு காத்து போக வழியில்லாம அடைச்சுக்கும், பிரிட்ஜ் இல்லாத காலத்துல அதான் பிரிட்ஜ். இதுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. முதல் வாய்க்கு அந்த ஜெல்லி கொழகொழன்னு ஒரு மாதிரி இருக்கும், ரெண்டாவது வாய்க்கு மிளகு ஏறும், மூணாவதுக்கு நீங்க அவங்க ஆளு. எங்க வீட்ல பன்னி தொடமாட்டாங்க, பிரிட்ஜ்ல கீழ் தட்டு எனக்குன்னு தனியா ஒதுக்கிட்டாங்க.

ஸ்காட்ச் பை பத்தி ரெண்டு வரி போதும். ஆட்டுக்கறி, சின்ன வட்டம், மேல்மூடி ஓரத்தை விட ஒரு விரல் கீழ இறங்கியிருக்கும், அந்தப் பள்ளத்துல கிரேவி ஊத்திக்கலாம். ஃபுட்பால் கிரவுண்ட் ஐட்டம். ஐடியா சூப்பர், நான் சாப்பிட்டதுல எண்ணெய்தான் முதல்ல வந்துச்சு.

லெஸ்டருக்கு முன்னாடி ரெண்டு வருஷம் மெல்போர்ன்ல இருந்தேன், அங்க மீட் பைங்கறது நம்ம ஊர் டீக்கடை பஜ்ஜி லெவல். உள்ளங்கை அளவு, உள்ள கொத்துக்கறி கிரேவி, மேல தக்காளி சாஸ், ஒரு கைல பை, கண்ணு மட்டும் மேட்ச்ல. அங்க மீட் பைன்னு பேர் வெச்சா குறைஞ்சது 25 சதவீதம் கறி இருக்கணும்னு சட்டம், மீதி 75ல என்ன இருக்குன்னு கேக்காம சாப்பிடறதுதான் மரியாதை. அடிலெய்டுல இன்னும் ஒரு படி மேல போய் பையை கெட்டியான பச்சைப் பட்டாணி சூப்ல மிதக்க விட்டு மேல சாஸ் ஊத்துவாங்க, பை ஃப்ளோட்டர். பாக்க சகிக்காது. ஆனா வடையை சாம்பார்ல முக்கி, ரசத்துல முக்கி, தயிர்லயும் முக்குற பரம்பரை நாம, நாம கிண்டல் பண்ணக்கூடாது. ருசி உண்மையிலயே நல்லா இருந்துச்சு.

நியூசிலாந்து பை ஆஸியோட தம்பி மாதிரி தெரியும், ஆனா தம்பி அண்ணனை முந்திட்டான்னுதான் சொல்லுவேன். மின்ஸ் அண்ட் சீஸ், மின்ஸ்னா கொத்துக்கறி, அந்த சீஸ் கறிக்கும் மூடிக்கும் நடுவுல உருகிக் கிடக்கும், மூடி அடுக்கடுக்கா நம்ம பேக்கரி பஃப்ஸ் மாதிரி நொறுங்கும். அங்க நல்ல பை பேக்கரிங்க நிறைய கம்போடியாவுல இருந்து அகதியா வந்த குடும்பங்க நடத்துறது. டிவியில ஒரு போலீஸ்காரர் ராத்திரி ஒருத்தனை நிறுத்தி விசாரிக்கும்போது, பையை எப்பவும் ஊதித்தான் சாப்பிடணும்னு சீரியஸா அட்வைஸ் பண்ணுவாரு, அந்த நாட்டுல அது பழமொழி ரேஞ்சுக்கு ஆயிடுச்சு. நான் ஊதாம கடிச்சு மேலண்ணம் வெந்து மூணு நாள் தயிர் சாதம் சாப்பிட்டவன், அந்த போலீஸ்காரர் தெய்வம்.

கனடாவோட கியூபெக்ல கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி பூசை முடிஞ்சு வந்து சாப்பிடற டூர்டியேர்னு ஒரு பை இருக்கு, பன்றிக் கொத்துக்கறியில கிராம்பும் பட்டையும் போட்டது, கிராம்பு வாசனை நம்ம மூக்குக்கு டக்குனு வீட்டு ஞாபகம் வரும். அதே கனடாவுல டொரண்டோல 1985ல ஒரு காமெடி நடந்துச்சு, ஜமைக்காக்காரங்க விக்கிற மஞ்சள் ஓட்டு பீஃப் பேட்டியை 'பேட்டி'ன்னு கூப்பிடக்கூடாது, பேட்டின்னா பர்கருக்குள்ள வெக்கிற வெறும் கறிதான், இதுல மாவு சுத்தியிருக்குன்னு அரசாங்க இன்ஸ்பெக்டருங்க கிளம்பினாங்க, கடைசியில 'ஜமைக்கன் பேட்டி'ன்னு போட்டுக்கோங்கன்னு சமாதானம் ஆச்சு. ரெண்டுமே நல்ல பைதான், ஆனா ஃபைனல் வரைக்கும் வராது.

ஃபைனலுக்கு வர்றது மொராக்கோ பஸ்தீயா. ஃபெஸ் ஊர்ல சந்துக்குள்ள ஒரு வீட்டு மாடியில சாப்பிட்டேன். கொழகொழ மாவை உருண்டையா கைல புடிச்சு சூடான தட்டு மேல தட்டித் தட்டி எடுப்பாங்க, தட்டுல ஒட்டிக்கிறது பேப்பரை விட மெல்லிசா ஒரு தாள், அதுக்கு வர்கான்னு பேரு. ஆந்திராவுல பேப்பர் மாதிரி மெல்லிசா செய்யிற இனிப்பு, ஆத்ரேயபுரம் பூதரேக்குலு, பாத்திருக்கீங்கன்னா அதுக்குத் தூரத்து சொந்தம் மாதிரி தெரியும். உள்ள ஒரிஜினலா புறாக்கறி, இப்போ பெரும்பாலும் கோழி, கூட முட்டை, வறுத்த பாதாம், மேல பட்டைத்தூளும் பொடிச்ச சர்க்கரையும். கறிக்கு மேல சர்க்கரையான்னு நானும் மூஞ்சியைச் சுளிச்சேன். முதல்ல இனிப்பு, அப்புறம் நொறுநொறுன்னு ஒரு சத்தம், கடைசியா இஞ்சியும் வெங்காயமும் ஊறின கறி. தட்டு காலியானதும்தான் தலையைத் தூக்கினேன்.

ருசிக்கு மட்டும் ஓட்டுன்னா பஸ்தீயாதான், யோசிக்கவே வேணாம். ஆனா அதை டிபன் பாக்ஸ்ல போட்டு ட்ரெயின்ல கொண்டு போனா தூளாத்தான் இறங்குவீங்க, அங்க மாவு ராஜகுமாரி, வேலைக்காரன் இல்ல. வேலை பாக்குற மாவுக்கு ஓட்டு போடுன்னா பேஸ்டிக்கு ஒரு நூல் முன்னாடி போர்க் பையைத்தான் வெப்பேன், பாசம் உண்டு, ஒத்துக்கறேன். தினமும் ஒண்ணு திங்கணும்னா நியூசிலாந்து. கடைசி இடம் ஹைவே ஓரத்துல ஒரு கடையில வாங்கின ஸ்டேக் பைக்கு, மூடியைத் தூக்கினா உள்ள நாலு துண்டு கறியும் ஒரு குளமும்.

போன ஜூன்ல அம்மா வந்திருந்தாங்க. அவங்க சைவம், அதனால சீஸ் வெங்காயம் வெச்ச பேஸ்டி வாங்கிக் குடுத்தேன். உள்ள திறந்து பாத்து "மிளகா ஒண்ணு கூட இல்லையேடா"ன்னு சொல்லிட்டு எலுமிச்சை ஊறுகாய் எடுத்துக்கிட்டாங்க. சுரங்கக்காரங்க ஓரத்தைத் தூக்கிப் போட்டாங்கங்கற கதையை சொன்னேன். "உழைக்கிறவன் எவன்டா சோத்தைத் தூக்கிப் போடுவான், கட்டுக்கதை"ன்னு சொல்லிக்கிட்டே அந்த ஓரத்தை ஊறுகாய்ல தொட்டு கடிச்சாங்க.