சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா? குறைந்த செலவில் சுவரைப் புதுப்பிக்க எது சரி?

குறைந்த செலவில் வீட்டின் முகத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் கை வைக்க வேண்டியது சுவரில்தான். சுவர் அழுக்கேறிக் கிடந்தால் புதுத் திரைச்சீலையும் விளக்கும் எடுபடாது. நம் ஊரில் இதற்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு: சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் என்ற மலிவான பெயிண்ட், எமல்ஷன் என்ற பிசின் கூடிய பெயிண்ட், பின்பக்கம் பசை தடவிய ஸ்டிக்கர் தாள். பெரும்பாலும் விலையைக் கேட்டுவிட்டுத்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்கிறோம். முதலில் பார்க்க வேண்டியது சுவரில் ஈரம் இருக்கிறதா என்பதை. விலை அதற்கு அப்புறம்தான்.

ஈரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் முத்து முத்தாக நின்றால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. அந்தச் சுவரில் எமல்ஷன் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடி, பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். உப்பும் பூக்கும். எவ்வளவு விலை உயர்ந்த டப்பாவாக இருந்தாலும் இதுதான் கதி.

இங்கேதான் சுண்ணாம்பு ஜெயிக்கிறது. அது சுவரை மூச்சு விட விடும். ஈரம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். காரத்தன்மை உள்ளதால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகுவதுதான் அதன் தன்மை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளுக்கு நான் இதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். செலவும் நான்கிலும் குறைவு. சுவரைச் சமன்செய்யும் பட்டி, பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர் எதுவும் வேண்டாம்.

ஆனால் சுண்ணாம்பில் செய்நேர்த்தி முக்கியம். நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசையும் துளி நீலமும் சேர்க்க வேண்டும். சுவரை முதலில் நனைத்துக்கொண்டு, மட்டையால் பால் போல மெல்லியதாக அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் கெட்டியாக அப்பினால் பொருக்குப் பொருக்காக உதிரும். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவதானால் கவனம் தேவை. தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

சுண்ணாம்பின் குறை, சாய்ந்தால் சட்டையில் ஒட்டுவது. அதற்குத்தான் அந்தக் காலத்தில் சுவரின் அடிப்பகுதியில் இடுப்பளவுக்குக் காவியோ வேறு அடர்ந்த நிறமோ அடித்தார்கள். அழுக்கும் தெரியாது, அறைக்கும் ஒரு அழகு வரும். இன்றும் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய அலங்காரம் அதுதான் என்பேன்.

சரி, சுவர் சிமெண்ட் பூச்சு, ஈரமும் இல்லை என்றால்? அப்போது போட்டி டிஸ்டெம்பருக்கும் எமல்ஷனுக்கும்தான். டிஸ்டெம்பரில் சுண்ணத்தூள் அதிகம், பிடித்து நிறுத்தும் பிசின் குறைவு. அதனால்தான் விலை மலிவு. ஈரத்துணியால் துடைத்தால் நிறம் கையோடு வருவதும் அதனால்தான். எமல்ஷனில் அக்ரிலிக் பிசின் இருப்பதால் லேசாகத் துடைக்கலாம், கூடுதல் வருடங்கள் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையதைச் சுரண்டுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர், இரண்டு கோட் என்று வேலை இரண்டுக்கும் ஒன்றேதான். கூலியில் பெரிய வித்தியாசம் வராது. பெயிண்டில் மிச்சம் பிடித்துவிட்டு, சீக்கிரமே மறுபடி அதே கூலியைக் கொடுப்பதில் என்ன லாபம்? ஆகவே என் ஓட்டு விலை குறைந்த எமல்ஷனுக்குத்தான். வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள்: ஏசியன் பெயின்ட்ஸின் டிராக்டர் என்ற பெயரில் டிஸ்டெம்பரும் வருகிறது, எமல்ஷனும் வருகிறது. சீக்கிரம் காலி செய்யப்போகும் வாடகை வீட்டுக்கு மட்டும் டிஸ்டெம்பர் போதும்.

ஸ்டிக்கர் தாளுக்கு நான் தருவது கடைசி இடம். சுண்ணாம்புச் சுவரில் அது நிற்காது. டிஸ்டெம்பர் சுவரில் உரிக்கும்போது நிறத்தையும் உரித்துக்கொண்டு வரும். ஓதச் சுவரில் ஒட்டினால் பின்னால் பூஞ்சை மண்டும், வெளியே தெரியவும் தெரியாது. செங்கல் போலப் புடைத்திருக்கும் ஃபோம் தாள்களை அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள், அவை தீப்பிடிக்கும். அலமாரிக் கதவு, மேசைப் பலகை மாதிரி வழவழப்பான பரப்புக்கு நல்ல உபயோகம்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதிலும் சிக்கல் இருக்கிறது. சுண்ணாம்பின் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் அடியிலிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து உதிரும். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்கவே பிடிக்காது. எப்படி மாறினாலும் முழுதாகச் சுரண்டித்தான் ஆக வேண்டும். சுரண்டும்போது கதவு, ஜன்னலில் இருக்கும் பழைய எனாமலில் ஜாக்கிரதை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அந்த நாட்களில் அவர்கள் வேறு இடத்தில் இருப்பது நல்லது.

எப்போது அடிப்பது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடிப்பதுதான் வழக்கம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த வெளிச்சுவர்கள் அப்போது முழுதாகக் காய்ந்திருக்காது. பண்டிகைக்குச் சுண்ணாம்பு என்றால் தாராளமாக அடிக்கலாம். எமல்ஷன் என்றால் மாசி, பங்குனி வரை பொறுங்கள். பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்து, உட்புறம் உலர்ந்திருந்தால் மட்டும் பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.